‘சிக்’ என்றால் வருத்தமா, அந்த மாதிரியா? ஓர் ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பிடிக்க முழு வழிகாட்டி

அறுகம்பைப் பக்கம் உல்லையில் சேர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) சீசன் தொடங்கிவிட்டால், அதாவது ஏப்ரல் கடைசியில் இருந்து ஒக்டோபர் வரைக்கும், கடற்கரையில் திரும்பத் திரும்பக் காதில் விழுகிற சொற்களில் ஒன்று ‘சிக்’. எஸ், ஐ, சி, கே. பள்ளிக்கூடத்தில் அதற்கு ‘நோயுற்ற’ என்று எழுதிப் படித்திருப்போம். ஆனால் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்து “தட் வேவ் வாஸ் சோ சிக்” என்று கத்துகிறவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவன் அலையைப் புகழ்கிறான். அதே ஆள் அடுத்த நாள் காலை அறை வாசலில் நின்று “ஐ வாஸ் சிக் ஆல் நைட்” என்றால் கதையே வேறு. இரவு முழுக்கச் சத்தி எடுத்திருக்கிறான், உடனே கவனிக்க வேண்டும்.

பொத்துவில், அறுகம்பை, பாசிக்குடா பக்கம் கெஸ்ட்ஹவுஸிலும் ஓட்டோவிலும் படகிலும் வேலை செய்கிறவர்களுக்காகவும், மெல்பேர்னிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்த மச்சான் மச்சாளின் மெசேஜை வாசித்துக் குழம்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஓ.எல். எழுதப்போகும் பிள்ளைகளுக்கும் உதவும். ‘சிக்’ ஒன்றை முழுதாகப் பிடித்துவிட்டால் இதே வழியில் மற்றச் சொற்களையும் பிடிக்கலாம், அதனால்தான் ஒரே சொல்லை எடுத்து ஆழமாகப் போகிறேன்.

படி 1: அகராதிப் பொருளை முதலில் முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பேச்சுவழக்கைப் பிடிக்க வேண்டும் என்றால் அகராதியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். நான் மறுபக்கம் சொல்வேன். அகராதிப் பொருளே அரைகுறையாகத் தெரிவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

‘சிக்’ மிகப் பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இதன் உறவுச் சொற்கள் இருக்கின்றன, டச்சில் இன்றைக்கும் ‘ஸீக்’ என்றால் சுகமில்லை என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் ஆரம்பத்தில் எல்லா நோய்க்கும் இந்தச் சொல்தான். பிறகு வட ஐரோப்பியரின் பழைய நோர்ஸ் மொழியில் இருந்து ‘இல்’ என்ற சொல் வந்து சேர்ந்தது. முதலில் அதற்குக் கெட்டது என்று பொருள், பின்னர் அதுவும் நோயைக் குறிக்கத் தொடங்கியது. பிரித்தானியாவில் பொதுவான நோய்க்கு ‘இல்’ என்ற சொல் கூடுதலாகப் பழகிப்போக, ‘சிக்’ மெல்ல மெல்ல வயிற்றுப் பக்கம் ஒதுங்கிவிட்டது. அமெரிக்காவில் அப்படி ஒதுங்கவில்லை, அங்கே காய்ச்சல் என்றாலும் ‘சிக்’தான்.

இது வெறும் வரலாறு இல்லை, நடைமுறையில் தேவைப்படும் விஷயம். ஒரு அமெரிக்கர் “ஐ வாஸ் சிக் லாஸ்ட் வீக்” என்றால் போன கிழமை அவருக்கு ஏதோ வருத்தம், அவ்வளவுதான். ஒரு இங்கிலாந்துக்காரர் “ஐ வாஸ் சிக் ஆன் த பஸ்” என்றால் பஸ்ஸில் சத்தி எடுத்தார் என்று அர்த்தம். “ஐ ஃபீல் சிக்” என்று அவர் சொன்னால் ஓங்காளிக்கிறது என்கிறார், பக்கத்தில் ஒரு வாளியோ பையோ இருந்தால் நல்லது. பிரித்தானியர் பேச்சில் ‘சிக்’ பெயர்ச்சொல்லாகவும் வரும். “தேர்’ஸ் சிக் ஆன் த ஃப்ளோர்” என்று வந்து சொன்னால் தரையில் யாரோ சத்தி எடுத்திருக்கிறார்கள். யாரோ நோயாளி விழுந்து கிடக்கிறார் என்று ஓடவேண்டாம், துடைப்பத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நம் தமிழிலேயே இதற்கு ஒத்த சங்கதி இருக்கிறது. இங்கே “அவருக்குக் கொஞ்சம் வருத்தம்” என்றால் உடம்புக்குச் சரியில்லை. இதையே தமிழ்நாட்டில் சொன்னால் மனக்கவலை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே மொழி, கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

படி 2: ‘சிக்’ எதில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. வேறு எதையும் செய்ய நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

‘சிக்’ உயிரில்லாத ஒரு பொருளில் ஒட்டினால், பெரும்பாலும் அது புகழ்ச்சி. சிக் வேவ், சிக் போர்ட், சிக் டாட்டூ, சிக் வியூ. அலைக்குக் காய்ச்சல் வராது, பலகைக்கு வயிற்றோட்டம் வராது, ஆகவே அகராதிப் பொருள் அங்கே நிற்க இடமில்லை. ‘அந்த மாதிரி’ என்று நாம் சொல்வோமே, “சாப்பாடு அந்த மாதிரி” என்று, அதேதான். (அதுவும் தமிழ்நாட்டு நண்பர்களிடம் கவனமாகப் பாவிக்க வேண்டிய சொல், அங்கே ‘அந்த மாதிரிப் படம்’ என்றால் ஆபாசப் படம்.)

ஆனால் உயிரில்லாதவற்றிலும் இரண்டு கூட்டங்களை விலக்கி வைக்க வேண்டும். ஒன்று, நிலையாகிப்போன கூட்டுச்சொற்கள்: சிக் லீவ், சிக் டே, சிக் ரூம், சிக் பே, சிக் நோட். இவை எல்லாம் நோய் சார்ந்தவை, இவற்றில் பேச்சுவழக்குக்கு வேலையே இல்லை. நாம் ‘மெடிக்கல்’ என்று சொல்கிற மருத்துவச் சான்றிதழைத்தான் இங்கிலாந்தில் சிக் நோட் என்றார்கள். 2010இல் அங்கே அதை மாற்றி ‘ஃபிட் நோட்’ என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்துவிட்டார்கள், ஆனாலும் சனங்கள் பழைய பெயரை விடவில்லை. லண்டனில் வேலை செய்கிற உறவினர் இரண்டையும் மாறி மாறிச் சொன்னால் குழம்ப வேண்டாம். மற்றது, மனதோடு சம்பந்தப்பட்டவை: சிக் ஜோக், சிக் மைண்ட், சிக் ஹியூமர். சாவையும் ஊனத்தையும் வைத்துப் பண்ணுகிற பகிடிக்கு ‘சிக் ஜோக்’ என்று பெயர், இது கண்டனம். ‘சிக் வீடியோ’ இரண்டு பக்கமும் போகும். அலையில் ஒருவன் சுழன்று எழும்புகிற வீடியோ என்றால் புகழ்ச்சி, நாயை அடிக்கிற வீடியோ என்றால் அருவருப்பு. வீடியோவைப் பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது.

சரி, ஆளில் ஒட்டினால்? “ஷி இஸ் சிக்” என்றால் முதலில் நோய் என்றே எடுங்கள். அவளைப் பற்றிச் சொல்கிற நேரத்தில் அவள் ஏதாவது திறமையைக் காட்டிக்கொண்டிருந்தால் மட்டும் புகழ்ச்சி. அவள் அலையின் மேல் நிற்கும்போது கரையில் நிற்கிறவர்கள் “ஷி இஸ் சிக்!” என்று கத்தினால் யாரும் ஆம்புலன்ஸுக்கு அழைக்கத் தேவையில்லை. “ஹி’ஸ் சிக் இன் த ஹெட்” என்பது வேறு, அது வசை. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள்.

படி 3: பக்கத்தில் இருக்கிற சின்னச் சொற்கள்

ஆங்கிலத்தில் பெரிய சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது பலநேரம் அதற்கு முன்னும் பின்னும் நிற்கிற பொடிச் சொற்கள்தான்.

‘சிக்’கிற்குப் பின்னால் ‘ஆஃப்’ வந்தால் அது அலுப்பு. “ஐ’ம் சிக் ஆஃப் ரைஸ் அண்ட் கறி” என்று ஒரு விருந்தாளி சொன்னால் சோறு சாப்பிட்டு வருத்தம் வந்துவிட்டது என்று பயந்துவிடக் கூடாது. தினமும் சோறும் கறியும் சாப்பிட்டு அவருக்கு அலுத்துவிட்டது, நாளைக்கு ரொட்டியோ பிட்டோ போடுங்கள். இதையே இன்னும் அழுத்தி “சிக் அண்ட் டயர்ட் ஆஃப்” என்பார்கள், அந்தளவுக்குப் போனால் கோபமும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். “சிக் ஃப்ரம்” அப்படி இல்லை. “ஐ காட் சிக் ஃப்ரம் த ஃபிஷ்” என்றால் மீன்தான் உடம்பைக் கெடுத்தது என்கிறார். ‘ஆஃப்’ என்றால் சலிப்பு, ‘ஃப்ரம்’ என்றால் நோயின் காரணம். ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருப்பது மிகமிக முக்கியம்.

‘வித்’ வந்தால் பின்னால் நோயின் பெயரோ கவலையோ வரும். சிக் வித் ஃப்ளூ, சிக் வித் வரி. பிள்ளை நேரத்துக்கு வீடு வராவிட்டால் தாய் “ஐ வாஸ் வரீட் சிக்” என்பாள், அதாவது கவலையில் உயிரே போய்விட்டது.

எண்ணிக்கை வந்தால், ‘ட்வைஸ்’, ‘த்ரீ டைம்ஸ்’ என்று, கிட்டத்தட்ட நிச்சயமாக அது சத்தி. “ஹி வாஸ் சிக் ட்வைஸ் லாஸ்ட் நைட்” என்றால் இரவில் இரண்டு தரம் எடுத்திருக்கிறான்.

‘வெரி’ வந்தால் நோய். “ஹி இஸ் வெரி சிக்” என்று யாராவது சொன்னால் முகத்தைச் சிரிக்க வைக்காதீர்கள். புகழ்கிறவர்கள் ‘வெரி’ போடுவது அரிது. அவர்கள் ‘சோ சிக்’, ‘ப்ரிட்டி சிக்’ என்பார்கள், அவுஸ்திரேலியர் என்றால் ‘ஃபுல்லி சிக்’. இந்தக் கடைசி வழக்கு சிட்னி, மெல்பேர்ன் பக்கம் லெபனான், கிரேக்க, இத்தாலிய வம்சாவளி இளைஞர்களின் பேச்சோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது, பிறகு எல்லோரிடமும் பரவியது. குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் ஒரு நாட்டின் பேச்சையே மாற்றியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம், அங்கே வளர்கிற நம் பிள்ளைகளும் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

‘சிக்கெஸ்ட்’ என்று உச்சப்படுத்தினால் சேர்ஃபர்கள் மத்தியில் பெரும்பாலும் புகழ்ச்சிதான். ஒற்றைச் சொல்லாக “சிக்!” என்று பதில் வந்தாலும் அப்படியே. “நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு ஓட்டோ வரும்” என்று நீங்கள் சொல்ல, அவர் “சிக்!” என்றால் “சரி, நல்லது” என்று பொருள்.

முன்னால் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டவையும் உண்டு. சீசிக் என்றால் கடலில் தலைசுற்றி ஓங்காளிப்பது, பாசிக்குடாவில் படகில் ஆட்களைக் கூட்டிப்போகிறவர்கள் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கார்சிக் அதுவே வாகனத்தில், கொழும்பில் இருந்து வேனில் வந்து இறங்குகிறவர்கள் பலர் இந்த நிலையில்தான் இறங்குவார்கள். ஹோம்சிக் உடம்பு நோயில்லை, ஊர் நினைப்பு. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லாத சொல்.

படி 4: யார் சொல்கிறார்கள், என்ன வயது

இந்தப் புகழ்ச்சிப் பொருள் 1980களில் அமெரிக்க இளைஞர் பேச்சில் பரவத் தொடங்கியது. ஸ்கேட்போர்ட், சேர்ஃபிங், பிறகு ஸ்னோபோர்ட் ஆட்களிடமும் ஹிப்ஹாப் வட்டாரத்திலும் நன்றாக ஊன்றியது. அதனால் உல்லைக் கடற்கரையில் இந்தச் சொல் கேட்பதில் ஆச்சரியமே இல்லை, அது தன் சொந்த வீட்டில்தான் இருக்கிறது. இருபது, முப்பது வயதுச் சேர்ஃபர் சொன்னால் புகழ்ச்சியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எழுபது வயது இங்கிலாந்துப் பாட்டி “திஸ் இஸ் சிக்” என்றால் அவருக்கு ஏதோ அருவருப்பாக இருக்கிறது, என்னவென்று போய்ப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுகம்பைக்கு வருகிற எல்லோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. இஸ்ரேலியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர் எல்லோரும் நம்மைப்போலப் படித்துப் பழகியவர்கள். அவர்கள் சொல்கிற ‘சிக்’ பாடப்புத்தகத்தில் இருந்தும் வரலாம், இணையத்தில் பார்த்த வீடியோக்களில் இருந்தும் வரலாம். அவர்களிடம் படி 3இன் நுணுக்கங்களை நம்பிவிடாதீர்கள், நேராகக் கேட்டுவிடுங்கள்.

கெட்ட சொல் எப்படி நல்லதாகிறது என்று கேட்பீர்கள். ‘பேட்’, ‘விக்கெட்’, ‘இல்’, ‘இன்சேன்’, ‘ஃபில்தி’ எல்லாமே இந்தப் பாதையில் போனவை, இதில் கறுப்பின அமெரிக்கரின் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரியவர்கள் வெறுக்கிற சொல்லை இளையவர்கள் எடுத்துத் தங்களுக்கு மட்டும் விளங்கும் பாராட்டாகத் திருப்பிக்கொள்கிறார்கள். மிக வலுவான உணர்ச்சியைச் சொல்ல ‘நல்லது’ போதாமல் போகிறது, பயமும் அருவருப்பும்தான் அந்தளவு சூட்டோடு கையில் இருக்கின்றன. நாமும் “பயங்கர ருசி” என்கிறோம். பயங்கரம் என்ற சொல்லுக்குள்ளே பயம் இருப்பதை யாரும் நினைப்பதே இல்லை. ஆங்கில ‘டெரிஃபிக்’ அதே கதைதான், ஒருகாலத்தில் பயமூட்டுகிறது என்று பொருள், இப்போது அருமை என்று பொருள். எதிர்த்திசையிலும் போகும்: பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம், இன்றைக்கு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள், ‘நார்லி’. இது கலிபோர்னியா சேர்ஃபர்களிடம் இருந்து பரவிய சொல், முதலில் ஆபத்தான, முரட்டு அலையைக் குறித்தது, பிறகு ‘பிரமாதம்’ என்ற பொருளும் ஏறிக்கொண்டது. தண்ணீரில் இருந்து வருகிறவர் “இட்’ஸ் நார்லி அவுட் தேர்” என்றால் புதிதாகப் பழகுகிறவர்களை இறக்காதீர்கள். ‘சிக்’கைத் தவறாகப் பிடித்தால் சங்கடம், இதைத் தவறாகப் பிடித்தால் உயிருக்கு ஆபத்து.

படி 5: முகம், குரல், நேரம்

இதை எழுத்தில் விளக்குவது கஷ்டம், சுருக்கமாகச் சொல்கிறேன். புகழ்ச்சி ‘சிக்’ இழுபடும், “சி…க்” என்று குரல் மேலே போகும், கண் விரியும். நோய் ‘சிக்’ தாழ்ந்த குரலில், பலநேரம் கை வயிற்றிலோ நெற்றியிலோ இருக்கும். குத்தலாகவும் சொல்வார்கள். மழை கொட்டும்போது வெளியே பார்த்துக்கொண்டு “ஓ, சிக்” என்று தட்டையான குரலில் சொன்னால் ஏமாற்றம். மெசேஜில் குரல் இல்லாததால், பக்கத்தில் இருக்கும் இமோஜியைப் பாருங்கள். நெருப்பு இமோஜி என்றால் பாராட்டு, பச்சை முகம் என்றால் வயிறு சரியில்லை.

படி 6: அகராதியைத் திறந்தால் எங்கே பார்ப்பது

முதல் பொருளை மட்டும் வாசித்துவிட்டு மூடுவதுதான் நம் பழக்கம். மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அகராதிகள் பொருள்களைப் பழையதில் இருந்து புதியதாக வரிசைப்படுத்துகின்றன, அதனால் முதலில் இருப்பது இன்றைய வழக்கில் முதன்மையானது என்று அர்த்தமில்லை. கற்கிறவர்களுக்கான ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் அகராதிகள் நமக்கு வசதி, எடுத்துக்காட்டு வாக்கியங்களும் நிறைய இருக்கும். பல பொருள்களுக்கு முன்னால் ஒரு குறிப்பு இருக்கும்: இன்ஃபோர்மல், ஸ்லாங், பிரிட்டிஷ், நோர்த் அமெரிக்கன், அஃபென்சிவ். அந்தக் குறிப்புத்தான் தங்கம். அந்தச் சொல்லை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதை அதுதான் சொல்கிறது.

அர்பன் டிக்ஷனரியும் பார்க்கலாம். 1999இல் தொடங்கிய தளம் அது. யார் வேண்டுமானாலும் பொருள் எழுதலாம், வாசகர்கள் ஆதரவும் எதிர்ப்பும் போடலாம். புதிய சொல் அங்கேதான் முதலில் தலைகாட்டும், ஆனால் பகிடிக்கு எழுதியதும் ஆபாசமும் கலந்திருக்கும், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். அங்கே பார்த்ததை வேறு ஒரு அகராதியிலும் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

பத்திரிகையில் சதுர அடைப்புக்குள் ‘சிக்’ என்று எஸ், ஐ, சி மூன்று எழுத்தில் வந்தால் அது வேறு சொல், லத்தீன். “மூலத்தில் இப்படித்தான் இருந்தது, பிழை என்னுடையதல்ல” என்று எழுதியவர் சொல்கிறார்.

படி 7: சந்தேகம் என்றால் கேளுங்கள்

“குட் சிக் ஓர் பேட் சிக்?” இந்த ஒரு கேள்வி போதும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே ஒருவரை ஒருவர் இப்படிக் கேட்கிறார்கள், ஆகவே கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கொழும்பில் இருந்து வந்தவர் நம் “மறுகா வாறன்” (பிறகு வருகிறேன்) கேட்டு விழித்தால் நாம் சொல்லிக்கொடுப்பதில்லையா?

பேட் சிக் என்று பதில் வந்தால் அடுத்த கேள்விகள் தயாராக இருக்கட்டும். “ஆர் யூ வொமிட்டிங்?”, “டூ யூ ஹேவ் எ ஃபீவர்?”, “டூ யூ நீட் எ டாக்டர்?” சத்தியும் வயிற்றோட்டமும் என்றால் பார்மசியில் ஜீவனி (ஓ.ஆர்.எஸ். தூள்) வாங்கி, பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, ஒரேயடியாக இல்லாமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். எழும்ப முடியாத அளவு சோர்வு, சத்தியில் இரத்தம், விடாத காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம்.

படி 8: நீங்கள் பாவிக்கலாமா?

விளங்கிக்கொள்வது எல்லோருக்கும் வேண்டும், பாவிப்பது வேண்டாம் என்பது என் கருத்து, குறைந்தது வேலையில் இருக்கும்போது. தண்ணீரில் உங்களோடு நிற்கிற உங்கள் வயதுப் பொடியன்களிடம் சொல்லலாம், அங்கே அது பொருந்தும். ஹோட்டல் வரவேற்பில் நின்றுகொண்டு “அவர் ஃபுட் இஸ் சிக்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்கிறவர் எந்தப் பொருளை எடுப்பார் என்று தெரியாது, சாப்பாட்டு விஷயத்தில் அந்த ஆபத்து தேவையில்லை. விண்ணப்பம், நேர்முகப் பரீட்சை, லீவு கடிதம் எதிலும் பேச்சுவழக்கு வேண்டாம். லீவுக்கு “ஐ ஆம் அன்வெல்” என்று எழுதினால் எந்த நாட்டிலும் ஒரே பொருள்தான். ஓ.எல். வினாத்தாளில் ‘சிக்’ வந்தால் நோய் என்றே எழுதுங்கள்.

கையோடு சில வாக்கியங்கள்

மேலே சொன்னதை வைத்து இவற்றை நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள், பிறகு என் விடையைப் பாருங்கள்.

“விஸ்கி பொயிண்ட் வாஸ் சிக் திஸ் மோர்னிங்.” இடத்தின் பெயரில் ஒட்டுகிறது, புகழ்ச்சி.

“த கர்ரி மேட் மீ சிக்.” ‘மேட் மீ’ இருக்கிறது, காரணமும் இருக்கிறது. உடம்பு கெட்டுவிட்டது, உடனே விசாரிக்க வேண்டிய முறைப்பாடு. ஆனால் “யூ மேக் மீ சிக்” என்று ஒருவர் இன்னொருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது வெறுப்பு, சண்டை தொடங்கப்போகிறது.

“ஐ’ம் சிக் ஆஃப் திஸ் விண்ட்.” ‘ஆஃப்’. அலுப்பு.

“ஷி கால்ட் இன் சிக்.” போன் பண்ணி, சுகமில்லை, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

“ஹி’ஸ் பீன் சிக் திஸ் வீக்.” படி 2இன்படி முதலில் நோய் என்றே எடுங்கள், ஆனால் வாக்கியத்துக்குள் உறுதியான விடை இல்லை. ஆளில் ஒட்டுகிறது, சின்னச் சொல் எதுவும் உதவவில்லை. அவன் இந்தக் கிழமை முழுக்க அலையில் நின்றானா, அறையில் கிடந்தானா என்று தெரிந்தவரிடம் கேட்டால்தான் உண்டு.